‘ப’ இல்லாத மொழி

"யாரோ என் குரலையெல்லாம் திருடிட்டாங்க சார்!"

செருப்பைக்கூடக் கழற்ற மறந்து உள்ளே வந்து நின்றார் அந்த மனிதர். தெருவில் ‘நிதானம்’ என்று பெயரெடுத்திருந்த துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவருடைய மைத்துனர் ‘அவசரம்’ அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராகிவிட்டார்.

வந்தவர் மொழி படைப்பவர். ஒரு கணினி விளையாட்டில் வரும் குகைவாசிக் கொடியவர்கள் பேசுவதற்காக ஒலி, எழுத்து, இலக்கணம் என்று ஒரு முழு மொழியையே உருவாக்கிக்கொண்டிருந்தார். நடிகர்கள் கேட்டுப் பழகுவதற்கான மூல ஒலிப்பதிவுகள் மட்டும் அவருடைய கணினியிலிருந்து அழிக்கப்பட்டிருந்தன. வேறு எதையும் யாரும் தொடவில்லை.

"ஃபைலுக்கெல்லாம் அந்த எழுத்துலயே பேர் வெச்சிருந்தேன். என்னை விட்டா அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர்தான். எழுத்து வரைஞ்ச ஓவியர், முதல்ல குரல் குடுத்த நடிகர். ரெண்டு பேருமே வீட்டுக்கு வந்து போறவங்க."

"ஓவியர்தான் மாமா!" என்றார் அவசரம்.

"நீ இன்னும் அவரைப் பார்த்ததுகூட இல்ல," என்றார் நிதானம்.

மொழிக்காரரின் வேலை அறைச் சுவரில் புதிய எழுத்துகளின் அட்டவணை தொங்கியது. ஒவ்வொரு எழுத்துக்கும் கூரைபோல மேலே ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு வெட்டு.

"இது எதுக்கு?"

"சும்மா, அழகுக்கு சார்."

நிதானம் ஒலிகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "எல்லாம் மூக்குலயும் தொண்டையிலயும் வருது. ப, ட, க மாதிரி வாயில காத்தை அடைச்சு வெடிக்கிற ஒலி ஒண்ணுகூட இல்லையே?"

"கேக்கறவங்களுக்கு ஒரு அருவருப்பு வரணும்னு கேம் கம்பெனியில கேட்டாங்க."

அழியாத பதிவு ஒன்று அவருடைய கைபேசியில் மிஞ்சியிருந்தது. அதைப் போட்டார். ஒரு பெண் குரல் மூக்கில் நெளிந்தது, தொண்டையில் தடுக்கி நின்றது. அதன் பின்னணியில் ஏதோ கடகடவென்று ஓடி நின்று, மறுபடியும் ஓடியது.

"யார் குரல்?"

"ஒரு... நடிகை. ஸ்டூடியோல எடுத்தது."

அவசரத்துக்கு அடக்க முடியவில்லை. "அந்த கேம் விளம்பரத்துல வந்துச்சே, அதானே இது? எங்க தெருப் பசங்க எல்லாம் இப்படித்தான் கத்திட்டுத் திரியறாங்க!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு உரக்கப் பேசிக் காட்டிவிட்டு, தானே விழுந்து விழுந்து சிரித்தார்.

மொழிக்காரர் சிரிக்கவில்லை. வாசலில் ஒரு நடுவயதுப் பெண் தண்ணீர்த் தட்டுடன் நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா. மேலுதட்டில் பழைய தழும்பு. தம்ளர்களை வைத்தவர், மேசை விளிம்பில் கிடந்த மொழிக்காரரின் மூக்குக்கண்ணாடியைக் கீழே விழாதபடி உள்ளே நகர்த்திவிட்டுப் போனார்.

"தைக்கறவங்க," என்றார் மொழிக்காரர், யாரும் கேட்காமலேயே.

பக்கத்து அறையில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடி நின்றது.

"ஓவியரைக் கூப்பிடட்டுமா மாமா?"

"வேண்டாம்." நிதானம் மொழிக்காரர் பக்கம் திரும்பினார். "பேரைப் படிச்சு அழிச்சிருக்காங்கன்னு நீங்க நெனச்சீங்க. போட்டுக் கேட்டும் அழிக்கலாம் இல்லையா? தன் குரல் எதுன்னு தெரிஞ்சவங்களுக்கு எழுத்து தெரியணும்னு அவசியமில்ல."

மொழிக்காரர் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இது ஸ்டூடியோல எடுத்ததும் இல்ல. பின்னால ஓடறது தையல் மெஷின். இஷ்டத்துக்கு ஒரு மொழியைப் படைச்சிருந்தா, எங்கயாவது ஒரு ‘ப’ தப்பி வந்திருக்கும். உங்க மொழியில வரவே இல்ல. மேலண்ணம், அதான் வாயோட கூரை, பிளந்து பொறந்தவங்களுக்குக் காத்து வாயில நிக்காது, மூக்கு வழியா போயிடும். அந்த வாய்க்கு எது வருமோ அது மட்டுந்தான் உங்க மொழி. எழுத்துலயும் கூரையைப் பிளந்து வெச்சிருக்கீங்க. கூலிக்குத் தைக்க வந்தவங்க உங்க கண்ணாடிக்குக் கவலைப்பட மாட்டாங்க. யார் அவங்க?"

மொழிக்காரர் தரையைப் பார்த்தார். "கூடப் பொறந்தவங்க. சின்ன வயசுல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. யாரும் பார்த்துடக் கூடாதுன்னு முன்னாடி ஓடிடுவேன். இப்பவும் யாராவது வந்தா தைக்கறவங்கன்னுதான் சொல்றேன். கம்பெனியில, மனுஷங்க பேசற மாதிரி இருக்கக் கூடாதுன்னாங்க. எனக்கு..." குரல் இறங்கியது. "எனக்கு இவங்க ஞாபகந்தான் வந்துச்சு. தைச்சுக்கிட்டே பேசறப்போ தெரியாம பதிவு பண்ணிட்டேன்."

அந்தப் பெண் மறுபடி வாசலுக்கு வந்திருந்தார். அவசரம் எழுந்து நின்றார். "மன்னிச்சிருங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்தார்; காற்றுதான் வந்தது. காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

"நான்தான் அழிச்சேன்," என்றார் அந்தப் பெண். பழகாத காதுக்கு முதல் சொல் மட்டும் நழுவியது. பிறகு எல்லாமே தெளிவாக விளங்கியது. "எதிர்வீட்டுப் பையன் என்னைப் பார்த்துக் கத்திட்டு ஓடினான். வழக்கமா நடக்கறதுதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் அந்த விளம்பரத்தைக் கேட்டேன். உன்னைச் சாப்பிடக் கூப்பிடறேனே, அதை யாரோ நடிச்சுக் காட்டற மாதிரி இருந்துச்சு. உன் கம்ப்யூட்டரைத் திறந்தா என் குரலே இருக்கு. சாப்பிட வாடான்னு நான் கூப்பிட்டதைச் சொல்லித்தான்டா விளம்பரத்துல அந்தக் குகைக்காரங்க ஆளைக் கொல்றாங்க."

மொழிக்காரர் கைபேசியை அவரிடம் நீட்டினார். "மிச்சம் இருக்கறதையும் நீங்களே அழிச்சிருங்க."

அவர் வாங்கவில்லை. "முதல்ல கம்பெனிக்குப் பேசு."

நிதானம் மைத்துனரின் தோளைத் தொட்டு வாசல் பக்கம் நகர்த்தினார். அவர்கள் படியிறங்குவதற்குள் மொழிக்காரரின் குரல் கேட்டது. "அந்த மொழியை உங்களுக்குத் தர முடியாது சார். அது என்னோடது இல்ல."

கைபேசியில் எதிர்முனை இரைந்தது. "அப்ப யாரோடதுங்க?"

அவசரம் திரும்பிப் பார்த்தார். மொழிக்காரர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார்.

"எங்க அக்காவோடது," என்றார். "என் கூடத்தான் இருக்காங்க."

சொல்லி முடித்த பிறகும் அவரால் அக்காவின் பக்கம் திரும்ப முடியவில்லை.