பத்து இறக்கி, ஐந்து ஏற்றி

அவள் ஒலி எதையும் அனுப்பவில்லை. ஆனாலும் கண்ணாடிக்கு அப்பால் வாண்டு கையைத் தூக்கினான்.

செவித்திறன் பரிசோதனைதான் அவள் தொழில். இன்று அந்த ஒலிபுகா அறைக்குள் உட்கார்ந்திருப்பது அவள் பெற்ற ஆறு வயதுப் பிள்ளை. போன வாரக் காய்ச்சலுக்குப் பிறகு கூப்பிட்டால் திரும்புவதில்லை. வாலுத்தனம் என்றுதான் முதலில் நினைத்தாள். நேற்று அவன் முதுகுக்குப் பின்னால் குடம் உருண்டு விழுந்தும் அசையாமல் இருந்தான். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவனை உள்ளே உட்காரவைத்து, "சத்தம் கேட்டா கையத் தூக்கணும், சரியாடா?" என்று சைகையோடு சொல்லி ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

எல்லா ஒலியையும் அனுப்பிப் பார்த்தாயிற்று. ஒன்றுக்கும் கை உயரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவியை அணைத்த பிறகுதான் தூக்கினான்.

சும்மா தூக்குகிறான் என்று நினைத்தாள். காது கேட்காத பிள்ளைகள் அம்மா மனம் நோகக் கூடாதென்று இப்படிச் செய்வதுண்டு. ஆனால் அந்த அறையின் அமைதியை அளக்கும் ஒலிமானி ஓடிக்கொண்டிருந்தது. அதன் திரையில், பதினான்கு ஹெர்ட்ஸில், ஒரு கோடு நின்றது.

இருபதுக்குக் கீழே குற்றொலி, யானைகளுக்கு. இருபதாயிரத்துக்கு மேலே மீயொலி, வௌவால்களுக்கு. இடையில் இருப்பதுதான் மாமியார் உட்பட மனிதர்களுக்கு என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். இப்போது சிரிப்பு வரவில்லை. ஏசியின் முனகலும் சுவரில் ஒட்டிய பழைய ஸ்பாஞ்சின் புழுங்கிய வாடையும் அவளைச் சுற்றியிருக்க, காதுக்கு எட்டாத ஏதோ ஒன்று நாற்காலியின் கால் வழியாக ஏறி அவள் விலா எலும்பை மெல்ல அதிரச் செய்வது தெரிந்தது.

கோடு மறைந்தது. மீண்டும் வந்தது, பத்து டெசிபல் குறைவாக. வாண்டு தூக்கவில்லை. ஐந்து கூடியது. தூக்கினான். மறுபடி பத்து இறங்கியது. மறுபடி ஐந்து ஏறியது.

பத்து இறக்கி, ஐந்து ஏற்றி. தினமும் அவள் செய்வது அதுதான். எவ்வளவு மெல்லக் கூப்பிட்டால் போதும் என்று கண்டுபிடிக்கும் முறை.

யாரோ அவள் பிள்ளையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள்.

கோடு முப்பத்தோராயிரத்துக்குத் தாவியது. கை உயர்ந்தது. ஒன்பது ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. உயர்ந்தது. நடுவில், மனிதக் காதுக்குரிய இடத்தை மட்டும் அது தொடவே இல்லை.

"வாண்டு! எழுந்து வாடா!" அறைக்குள் ஒலிக்கும் மைக்கைப் போட்டுக் கத்தினாள். திரையில் அவள் குரல் கோடுகளின் காடாக எழுந்தது. அவன் இமைகூட அசையவில்லை.

ஓடினாள். கனத்த கதவு. இழுத்தாள். திறந்தது.

உள்ளே அவனைத் தவிர யாருமில்லை. ஹெட்போன் தரையில். அவன் எழுந்து, அவளுக்கு முதுகைக் காட்டி, கதவில்லாத மூலையைப் பார்த்து நின்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏம்மா வாய மட்டும் அசைக்கிற?" என்றான், சத்தமாக. "அவங்க எவ்ளோ நல்லா பேசுறாங்க."

வலது கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. அவள் பிடித்து இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. தெருவைக் கடக்கும்போது அவள் கையைப் பிடிப்பது போலவே, அவன் விரல்கள் ஒன்றுமில்லாத காற்றைச் சுற்றி இறுக மூடியிருந்தன. மேலிருந்து யாரோ பதிலுக்கு அழுத்துவதில், அவை மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தன.