கையகலத் தழும்பு

நான்காவது செட்டிலும் முடி உதிரவில்லை.

மகிழ்நன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி டயரின் மேல் வைத்தான். முன்தேய்மானி என்ற அந்த இயந்திரம் மாவு மில்லைப் போலக் குரல் கொடுத்தது. உருளைகளில் மாட்டியிருந்த நான்கு டயர்களும் சூடேறி, மூச்சு வாங்குவதுபோல உப்பி அடங்கின. புது டயரில் குட்டிக் குட்டியாக நிற்குமே ரப்பர் முடி, அது அப்படியே நின்றது. நான்கிலும் காய்ந்த எலுமிச்சைச் சக்கை ஒட்டியிருந்தது. முன் இடது டயரின் வெளித்தோளில், அந்த வெளிப்பக்க விளிம்பில் மட்டும் கையகலத்துக்கு ஒரு தழும்பு. ரப்பர் உரிந்து, ஓரம் சுருண்டு, இப்போதுதான் பட்ட காயம்போல இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

“கைய நல்லா அழுத்தி வெச்சீங்களாண்ணா?” என்றாள் செண்பகா. கடையில் டயர் காட்டுவது அவள் வேலை.

“இதுக்கு மேல அழுத்துனா பஞ்சர் ஆயிரும்ங்க.”

“சில பேருக்குக் கை வேர்த்திருந்தா சரியா எடுக்காதுங்ணா. கழுவிட்டு வாங்க. ஹார்ட் கலவை ஒண்ணு இருக்கு, அதையும் பாத்துரலாம்.”

சோபாவில் கடைக்காரர் வைத்த இலவச பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்த அவன் நண்பன் ரூபஸ் தலையைத் தூக்கினான். “ஹார்ட் போட்டா விதி மாறுமா சிஸ்டர்?”

“தழும்பு கொஞ்சம் சின்னதா வரும்ங்ணா” என்றாள் அவள்.

முன்தேய் ரப்பரைக் கண்டுபிடித்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கண்டுபிடித்தார்கள். ஓடிய சாலையை நினைவில் வைத்துக்கொண்டு, தேய்ந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் ரப்பர் ஒன்றைச் செய்யப் பார்த்தார்கள். செய்து முடித்துச் சூடாக்கியபோது, அது இன்னும் ஓடாத சாலைகளையும் நினைவில் வைத்திருந்தது. வாங்குகிறவர் கை பட்டால் போதும். அவருக்கும் அந்த டயருக்கும் உள்ள உறவு முடியும் நாளில் டயர் எந்தக் கோலத்தில் இருக்குமோ, அந்தக் கோலத்தைச் சிறிது நேரம் காட்டும். சூடு ஆறியதும் மறுபடி புது டயர். யார் ஓட்டினார்கள், ஏன் முடிந்தது என்றெல்லாம் டயர் சொல்லாது. கம்பெனி இதை ஆயுள் உத்தரவாதத்துக்கு ஒரு வசதியாகத்தான் விற்றது. ஊர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது.

டயர் வழவழவென்று தேய்ந்து வந்தால் ‘மொட்டை’. மொட்டை வந்தவர் வீட்டில் அன்றைக்குப் பாயசம். முடியோடு வந்தால் அந்த வீட்டுக்கு உறவினர்கள் வந்து குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் தேய்மானப் படத்தையும் கேட்டார்கள். மொட்டை வந்தவர்கள் சாலையை நடந்து கடக்கும்போது சிக்னலை மதிப்பதில்லை. தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது தெரிந்த பிறகு எதற்கு மதிக்க வேண்டும்? முடி வந்தவர்கள் வண்டியை ஷெட்டில் நிறுத்தித் துணி போட்டு மூடினார்கள். அதனால் அவர்கள் டயர்களில் கடைசிவரை முடி அப்படியே இருந்தது. டயர் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை என்று கம்பெனி விளம்பரம் செய்தது.

மகிழ்நனால் துணி போட்டு மூட முடியாது. அவனிடம் இருந்தது செவலை.

ஊர் முழுக்கத் தானோடிகள் வந்துவிட்டன. ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்து மனிதனே ஓட்டும் கையோட்டிகள் கோயம்புத்தூரில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஞாயிறு காலையில் மட்டும், மலைப்பாதையில் மட்டும், பக்கத்தில் உரிமம் உள்ள இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் மட்டும் ஓட்டலாம். செவலை இரண்டு இருக்கை பந்தயக் கார். கன்றுக்குட்டியின் நிறம், காளையின் குணம். அதை வாங்குவதற்காக மகிழ்நன் திங்கள் முதல் சனி வரை தானோடிகளுக்கு மெதுவாகப் போகக் கற்றுக்கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தான். பாம்பு போனால்கூட நின்று வழிவிடும் அளவுக்கு அவன் கற்றுக்கொடுத்த வண்டிகள் சாதுவானவை. ஞாயிறு வந்தால் அவன் வேறு ஆள். வலப்பக்க வளைவில் அவன் திருப்பும் வேகத்துக்கு, முன் இடது டயரின் வெளித்தோள்தான் எப்போதும் முதலில் தேயும். பழைய டயர்களில் அந்த இடத்தில் கம்பி தெரிந்தது. அப்படியே மலை ஏறினால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆக, டயர் வேண்டும். ஆனால் முடியோடு வரும் கைக்குக் கடைகள் டயர் விற்பதில்லை. இரக்கத்தால் அல்ல. காரியம் முடிந்த கையோடு வாரிசுகள் டயரை உருட்டிக்கொண்டு வந்து, “புதுசாவே இருக்குங்க, எடுத்துக்குங்க” என்று நின்றதால்.

ஹார்ட் கலவையிலும் முடி நின்றது. தழும்பு இரண்டு விரல் அகலத்துக்குச் சின்னதாக வந்தது.

“அது என் தழும்புதான்டா” என்றான் மகிழ்நன் மெதுவாக. “வலப்பக்க வளைவு. நான் போடற மாதிரியே விழுந்திருக்கு. ஒரே ஒரு வளைவு. அதோட முடிஞ்சிருச்சு.”

செண்பகா ஆறுதல் சொல்லப் பழகியவள். “முடியறதுன்னா அதுதான்னு ஏண்ணா நெனைக்கறீங்க? போன வாரம் ஒருத்தருக்கு இப்படித்தான் முடியோட வந்துச்சு. அழுதுட்டே பழைய டயரோட போனாரு. மறுநாள் வண்டியவே எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். ஸ்வீட் பாக்ஸோட வந்தாருங்ணா.”

ரூபஸ் பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டு எழுந்தான். குள்ளமான, அவசரமே தெரியாத ஆள். செவலையின் இடப்பக்க இருக்கையில் உட்காருவதற்காகவே மகிழ்நன் அவனைப் பாடாய்ப்படுத்தி உரிமம் எடுக்க வைத்திருந்தான். இதுவரை அவன் அதை ஓட்டியதில்லை.

“மச்சி, நாலு வருஷம் காலேஜ்ல உனக்கு யாரு ப்ராக்ஸி குடுத்தது?”

“நீதான்.”

“ஒரு வாத்தியாராவது கண்டுபிடிச்சாரா?”

“இது வாத்தியார் இல்லடா. ரப்பர்.”

“வாத்தியாரயே ஏமாத்துனவனுக்கு ரப்பர் எம்மாத்திரம்?” என்று சொல்லி, ரூபஸ் சாஃப்ட் கலவை செட்டின் மேல் தன் கையை வைத்தான்.

இயந்திரம் குரல் கொடுத்தது. முடி உதிர்ந்தது. பள்ளங்கள் ஆழம் குறைந்து, கோடாகி, கோடும் மறைந்தது. நான்கு டயரும் நடுவில் வழுக்கைத் தலைபோலப் பளபளத்தன.

“மொட்டை!” என்று ரூபஸ் கத்தினான். கடையில் இருந்த இன்னொரு குடும்பம் கை தட்டியது. மகிழ்நன் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். டயர் மொட்டையாகிறவரை ஓடப் போகிறது, ஓட்டப்போவது தான்தான், வேறென்ன வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

செண்பகா மட்டும் குனிந்து பார்த்தாள். “நடு மட்டும்தான் தேய்ஞ்சிருக்குங்ணா. காத்து தூக்கலா வெச்சு ஓட்டற கை. இங்க பாருங்க, தோள்ல அந்தத் தழும்பு இதுலயும் இருக்கு. ரொம்பப் பழசா.”

“பில் போடுங்க” என்றார்கள் இருவரும்.

ஞாயிறு காலை கடை வாசலிலேயே நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். மகிழ்நன் ஊர் எல்லை வரை செவலையைத் தானோடிப் பாதையில் அதுவே போகும்படி விட்டிருந்தான். கையோட்டியும் ஊருக்குள் தானாகத்தான் போக வேண்டும்; மலையடிவாரத்தில்தான் ஸ்டியரிங் சக்கரம் கைக்கு வரும். அடிவாரத்துக் காற்றடிக்கும் கடையில் வண்டி நின்றதும், ரூபஸ் பழக்கதோஷத்தில் இறங்கிக் குழாயை எடுத்தான். காலேஜ் காலத்தில் அவனுடைய பைக்கில் உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். காற்று அத்தனை தூக்கலாக இருக்கும்.

“ரெண்டு பாயிண்ட் ஜாஸ்தி இருக்கட்டும்டா. வண்டி சுலபமா உருளும்” என்றான் அவன்.

‘காத்து தூக்கலா வெச்சு ஓட்டற கை’ என்று செண்பகா சொன்னது மகிழ்நனுக்கு மறுபடி கேட்டது.

அவன் ஒருநாளும் காற்றைத் தூக்கலாக வைத்ததில்லை. நடு மட்டும் தேய்ந்த டயர் அவன் வாழ்க்கையிலேயே இருந்ததில்லை. ஆக, அந்த மொட்டை அவனுடையதல்ல. ப்ராக்ஸி ஒன்றும் போகவில்லை. டயர் உண்மையாகவே ரூபஸின் வருகையைத்தான் பதிந்திருக்கிறது. ஒரு வளைவு மகிழ்நனுக்கு. மிச்சமெல்லாம், வருடக்கணக்காக, ரூபஸுக்கு.

அவன் சக்கரத்திலிருந்து கையை எடுத்தான். பிறகு அவனுக்குச் செண்பகாவின் ஸ்வீட் பாக்ஸ்காரர் நினைவுக்கு வந்தார். உறவு முடிந்தால் போதும். எப்படி முடிந்தால் டயருக்கென்ன?

“ரூபஸ், இந்தா சாவி.”

“எதுக்குடா?”

“வண்டி இனிமே உன்னுது. விளையாடல. இப்பவே, இந்த நிமிஷத்துல இருந்து. நான் ஒரு வளைவுகூட ஓட்ட மாட்டேன்.”

ரூபஸ் அவன் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை என்று புரிந்தது. வலப்பக்கம் ஏறி, இருக்கையை முன்னால் இழுத்தான். அது ‘கடக்’கென்று பொருந்தி உட்கார்ந்த விதம் மகிழ்நனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உயிரோடு இருந்துகொண்டு பிடிக்காமலிருப்பது பரவாயில்லை.

செவலை மலை ஏறியது. ஏறியது என்பது பெரிய வார்த்தை. ஒரு தானோடிக் குப்பை வண்டி பின்னாலிருந்து ஹாரன் அடித்து முந்திப் போனது. மகிழ்நன் கற்றுக்கொடுத்த வண்டி அது. வளைவுக்கு வளைவு ரூபஸ் கர்ப்பிணியை ஏற்றிப் போகிறவன்போலத் திருப்பினான். என்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தது.

ஐந்தாறு வளைவு தாண்டி, பெரிய வலப்பக்கக் கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே ரூபஸ் நிறுத்தினான்.

“டேய், உன்னப் பாத்தா பாவமா இருக்கு. இந்த ஒண்ணு மட்டும் நீ ஓட்டு. ஒரே ஒண்ணு.”

மகிழ்நன் கைகளைக் கட்டிக்கொண்டான். “மாட்டேன்.”

“எனக்காக.”

“மாட்டேன்னா விடுறா!” என்று கதவைத் திறந்து இறங்கியே விட்டான். உள்ளே இருந்தால் தன் கையே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று பயமாக இருந்தது. கீழிருந்து வளைவுக்கு ஏற ஒரு குறுக்குப் படி இருந்தது. “நீ சுத்தி வா. நான் நடந்து மேல வந்து ஏறிக்கறேன்.”

படி ஏறும்போதுதான் அது தோன்றியது. இத்தனை வருடத்தில் செவலை ஒரு வளைவில் திரும்புவதை அவன் வெளியே நின்று பார்த்ததே இல்லை. எப்போதும் உள்ளேதான் இருந்திருக்கிறான். இப்போது வண்டி அவனுடையதல்ல. சக்கரம் அவன் கையில் இல்லை. தழும்பு போட ஆளில்லை. மனம் லேசாகிவிட்டது. வளைவின் வெளி ஓரத்தில், தடுப்புச் சுவரில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டான். அங்கிருந்து பார்த்தால்தான் முழு வளைவும் தெரியும்.

“ரூபஸ்!” என்று கீழே பார்த்துக் கத்தினான். “ஒரே ஒரு தடவ நல்லா மிதிச்சு வாடா! எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்!”

“பயமா இருக்குடா!”

“உனக்கென்னடா பயம்? நீதான் மொட்டையப் பாத்தவனாச்சே!”

கீழே ரூபஸ் யோசிக்கிறான். பிறகு சிரிப்பு கேட்டது. “ஆமால்ல!”

செவலை பின்னால் போய், நின்று, உறுமியது. மகிழ்நனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மரங்களுக்கிடையே செந்நிறம் மின்னியது, மறைந்தது, வளைவின் வாயில் முழுதாக வந்தது. அத்தனை அழகு என்று அவன் நினைத்திருக்கவில்லை.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. அதை உலகத்தில் அவனைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. முன் இடது டயரின் வெளித்தோள் தரையில் உரியும் சத்தம்.

காற்று தூக்கல், என்று நினைத்தான். நடு மட்டும்தான் தரையைத் தொடுகிறது, பிடிப்பு இல்லை, மூக்கு திரும்பாமல் நேராக வருகிறது. டயரில் முடிகள் இன்னும் நின்றன. எலுமிச்சைச் சக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. தோளில் ரப்பர் உரிந்து ஓரம் சுருண்டுகொண்டிருந்தது. சாஃப்ட் கலவை; சரியாக ஒரு கையகலம் வரும்.

முதுகில் தடுப்புச் சுவர் இடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் ரூபஸின் முகத்தில் ஒரு துளி பயம் இல்லை. தனக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தவனின் முகம் அது. அவன் கண் இன்னும் மகிழ்நன்மேல் விழவில்லை.

மகிழ்நன் உள்ளங்கையை முன்னால் நீட்டினான், கடையில் நீட்டியதைப் போலவே.