எட்டாம் லயத்தின் நிறம்

மூன்றாம் ஷீட்டின் மூலையில் இருந்த கீ பிளானில் இரண்டு இடங்கள் மஞ்சளாக இருந்தன. ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கேஷானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். தோட்டத்து டிவிஷன் முழுவதையும் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிக் காட்டும் சின்னப் படம்தான் கீ பிளான். ஷீட்டில் பெரிதாக வரைந்திருப்பது எந்த லயம், எந்தத் தொழிலாளர் வீட்டு வரிசை என்று தெரிய, அந்த ஒரு லயத்துக்கு மட்டும் நிறம் நிரப்ப வேண்டும். மூன்றாம் ஷீட்டில் மூன்றாம் லயம் சரியாக மஞ்சளாக இருந்தது. ஆனால் கீழே, எட்டாம் லயத்தின் மேல் முனையிலும் ஒரு கட்டம் மஞ்சள். ஒரே ஒரு காம்பரா, ஒரு குடும்பம் இருக்கிற ஒற்றை அறை.

பழைய ஷீட்டைக் கொப்பி பண்ணிவிட்டு நிறத்தை மாற்ற மறப்பது கம்ப்யூட்டரில் பிளான் வரைகிற இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தவறு. அவளும் ஆறு வருடங்களில் எத்தனையோ தடவை செய்து ஆபீஸ் சேரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறாள். ஆனால் எட்டாம் லயத்துக்கு ஷீட்டே கிடையாது. எதிலிருந்து கொப்பி பண்ணியிருப்பாள்?

ஷீட் இல்லாமல் போனதற்குக் காரணம் அவளுடைய அப்பா பழனியப்பன். ஓப்பநாயக்கவுக்கு மேலே மலைச்சரிவில் வெடிப்பு கண்ட லயங்களிலிருந்து சனங்களை இறக்கிப் புது வீடு கொடுக்கிற வேலை அது. ஒரு லயத்தில் எல்லோரும் கையெழுத்து வைத்தால்தான் முதல் கட்டத்தில் சேர்ப்பார்கள். எட்டாம் லயத்தில் ஏழு காம்பரா. ஆறு பேர் வைத்துவிட்டார்கள். கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கும் அப்பா மட்டும் முடியாது என்றுவிட்டார். "நீ போட்ட பிளான்ல கக்கூசு குசினிக்கு ஒட்டி இருக்கு. அதுல மனுசன் சோறு திம்பானா?" என்று சொந்த மகள் வரைந்த வீட்டையே காரணம் காட்டினார். ஆறு குடும்பங்களும் அவரோடு பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. அந்த வெட்கம் கேஷானிக்கு இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை. சேர் ஒரு மணிக்கே போய்விட்டார். ஐந்து மணிக்குள் ஏழு ஷீட்டையும் அனுப்பச் சொல்லியிருந்தார். கீழே ஹார்ட்வெயார் கடையில் ஷட்டர் இழுக்கும் சத்தம் கேட்டு அடங்கியது. அதன்பிறகு பெல்மதுளை டவுன் முழுவதும் மழைக்குள் போய்விட்டதுபோல் இருந்தது. தகரக் கூரையில் இடைவிடாத இரைச்சல், படிக்கட்டிலிருந்து ஏறி வரும் ஈரச் சீமெந்து வாசனை, ஜன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்துபோகும் பலாங்கொடை பஸ். அவள் அந்த மஞ்சள் கட்டத்தைத் தெரிவுசெய்து அழித்தாள்.

நான்காம் ஷீட்டைத் திறந்தாள். எட்டாம் லயத்தில் இரண்டு கட்டங்கள் மஞ்சளாக இருந்தன.

அழித்தாள். ஐந்தாம் ஷீட்டில் மூன்று. கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டாள். நான்கு. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு காம்பராவாக, சுவர்க் கோட்டைத் துளிகூடத் தாண்டாமல், அவள் நிரப்புவதைவிடச் சுத்தமாக நிரம்பியிருந்தது. கை கூசியது. மவுஸை விட்டுவிட்டு அப்பாவுக்கு கோல் எடுத்தாள்.

"அப்பா, அங்க மழ எப்புடி?"

"ஊத்துது. நீ சாப்ட்டியா?"

"பக்கத்துல எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காம எங்க போவாங்க? ஆனா சத்தத்தக் காணோம். மொதக் காம்பராவுல கொழந்த காலையில இருந்து அழுதுகிட்டே கெடந்துச்சு, டக்குனு நின்னுருச்சு. அப்பறம் ரெண்டாவதுல ரேடியோ. இப்ப நாலாவதுல மாவு இடிச்சுகிட்டு இருந்தாங்க, அதையுங் காணோம்."

"கரண்டு போயிருக்கும்."

"மாவு இடிக்கிறதுக்கு என்னா கரண்டு? எனக்கு லைட்டு எரியுதே."

மண் சரியப் போகிறது, அதுதான், வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மண்சரிவு என்றால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அதற்காவது ஓட ஒரு பக்கம் இருக்கும்.

"அப்பா, எந்திரிச்சு கோயிலுக்குப் போங்க. இப்பவே. நா சொல்றேன்ல?"

"ஹரி ஹரி, போறேன். மழ கொஞ்சம் விடட்டும்."

இனி எதையும் தொடுவதில்லை என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். தொடாமலே ஐந்தாவது நிரம்பியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாவதும். மிச்சம் ஒன்று. அப்பாவுடையது. வெள்ளையாக இருந்தது.

பிறகு ஷீட்டுகளின் வரிசையில் ஏழுக்குப் பக்கத்தில் எட்டு வந்தது.

திறந்தாள். எட்டாம் லயம் தாள் நிறைய விரிந்து கிடந்தது. அவளுடைய கோடுகள்தான், அவளுடைய எழுத்துதான், அவள் வரையவில்லை. ஏழு காம்பராக்கள். ஆறில் கதவு இல்லை. வாசல் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் நேராக ஓடியது. உள்ளே, கட்டிலையும் அடுப்பையும் மேலிருந்து பார்த்து வரைவதுபோல, ஆட்களை வரைந்திருந்தது. தலைக்கு ஒரு வட்டம், தோளுக்கு ஒரு கோடு. எல்லோரும் படுத்திருந்தார்கள். ஆறாம் காம்பராவில் நான்கு பேர். சின்னத்தம்பி மாமா, அத்தை, இரண்டு பிள்ளைகள். ஏழாம் காம்பராவில் ஒருவர் மட்டும் நின்றார்.

அந்தக் காம்பராவுக்கும் இப்போது கதவு இல்லை.

போன் அடித்தது.

"கேஷா, கதவக் காணோம்மா."

"அப்பா..."

"கொடைய எடுத்துகிட்டு வந்தேன். கதவுப் பக்கந்தான் வந்தேன். செவருதான் இருக்கு. தடவித் தடவிப் பாக்குறேன். லைட்டும் போச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார். "எனக்கு என்னமோ ஆயிருச்சு போல."

"அங்கேயே நில்லுங்க. நா கதவு வைக்கிறேன்."

என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. ஆனால் கை தானாக ஓடியது. கதவு. ஒரு கோடு, ஒரு வளைவு. பிறந்து வளர்ந்த காம்பரா அது, கதவு எந்தப் பக்கம் என்று அவள் யோசிக்க வேண்டியதில்லை. கீ பிளானில் எப்போதும் வலது பக்கம். வலது சுவரில் வைத்தாள்.

போனில் கீல் முனகியது.

"ஆ, தொறந்துருச்சு!" என்றார் அப்பா.

அவள் அழுதேவிட்டாள். "வெளிய போங்கப்பா. ஓடுங்க."

"வெளிய எங்க... இது இருட்டா இருக்கே. மழையும் இல்ல."

அப்போதுதான் பார்த்தாள். கீ பிளானில் லயம் நிமிர்ந்து நிற்கும். ஷீட்டில், தாளுக்குள் அடங்குவதற்காக, படுக்க வைத்திருக்கும். தினமும் செய்கிற வேலை. வாசல் இப்போது கீழ்ப் பக்கம். வலது பக்கம் வாசல் இல்லை. வலது பக்கம் ஆறாம் காம்பரா.

"அப்பா, உள்ள போகாதீங்க!"

"யாரோ இருக்காங்க... சின்னத்தம்பியா? ஏன்யா இப்புடி இருட்டுல..."

ஆறாம் காம்பராவில் நான்கு பேரும் படுத்திருக்கவில்லை. நின்றார்கள். நான்கு வட்டங்கள். கதவுக்குப் பக்கத்தில்.

"பேச மாட்றாங்கம்மா. கையப் புடிச்சு..."

அவள் அலறினாள். கதவை மூட வேண்டும். அவர்கள் அப்பாவிடம் வரக்கூடாது. யோசிக்கவில்லை. இரண்டு விசைகளை அழுத்தினாள். கடைசியாகச் செய்தது அழிந்தது.

கதவு போய்விட்டது. சுவர் நேராக ஓடியது.

ஏழாம் காம்பரா காலி.

"அப்பா?"

கோல் துண்டிக்கப்படவில்லை. திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மழைச் சத்தம் இல்லாத, காற்று இல்லாத ஒரு இடத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு கை. பிறகு பல கைகள். மெதுவாக, அவசரமில்லாமல்.

கதவை மறுபடி வைத்தாள். கதவு நிற்கவில்லை. கீழே வைத்தாள். மேலே வைத்தாள். எங்கே வைத்தாலும் கோடு உடனே மூடிக்கொண்டது. ஷீட்டின் மூலையில் எட்டாம் லயம் முழுவதும் மஞ்சளாக இருந்தது.

ஆறாம் காம்பராவில் இப்போது ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே சுவரில், வரிசையாக, உள்ளங்கைகளைப் பதித்துக்கொண்டு நின்றார்கள்.