நனைக்காமல் வெட்டிய துணி

மழை பிடித்தால் எவரும் முதலில் தங்கள் தலையைத்தான் மூடுவார்கள். அந்த ஆள் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி, தன் வண்டியின் முதுகில் விரித்துக்கொண்டிருந்தான்.

திகாம் பத்து ஊர்ச் சந்தையான பாசாரிலிருந்து மீன் கூடையோடு ஓடி வந்த ஜோசபின் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கடைவரிசை ஓரம் ஒரு பழைய ஆஸ்டின் பிக்கப் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. கூடையை அதன் பலகைமேல் வைத்துவிட்டுப் பின்னலைப் பிழிந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டின் அந்த அக்டோபரில் மழைக்கு நேரங்காலமே இல்லை...

"கூடைய எடுங்க."

திரும்பினாள். நனைந்த சட்டை. இமை நுனியில் தொங்கும் ஒரு துளி. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... கோபப்படத் தெரியாத கண்கள், கஷ்டப்பட்டுக் கோபப்பட்டுக்கொண்டிருந்தன.

"ஒரு நிமிஷம் வச்சா வண்டி கரைஞ்சிடுமா?"

"பலகை புதுசு லா. மூணு வாரமா எண்ணெய் விடுறேன், இன்னும் காயல. மீன் தண்ணி இறங்கிச்சுன்னா வாடை போகாது."

"உங்க எண்ணெய் வாடை என் மீன்ல ஏறியிருக்கும். அத யாரு சாப்பிடுறது?"

அவன் கூடையை இரு கையாலும் தூக்கி அவளிடம் கொடுத்தான். பிறகு கைக்குட்டையை எடுத்துப் பலகையைத் துடைத்தான், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் துடைப்பது போல. ஜோசபினுக்குச் சிரிப்பு வந்தது. ஏனோ பொறாமையும் வந்தது. ஒரு மரப்பலகைக்கு இவ்வளவு மரியாதையா...

"இங்க பெர்னார்ட் கடைன்னு, வண்டிக்குப் படுதா தைப்பாங்களாமே?"

அவள் மோவாயால் எதிர்ப்பக்கம் காட்டினாள்.

அவன் கடைக்குள் போய் விவரம் சொல்லி முடிக்கும்போது, அவளும் உள்ளே வந்து கூடையை வைத்துவிட்டுத் தையல் மெஷின் முன் உட்கார்ந்தாள். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"என் மகதான் தம்பி தைக்கிறது, ஜோசபின்," என்றார் பெர்னார்ட். "லோரிக்காரங்க குருன் ஊர்லேருந்து இவ கைக்குத்தான் தேடி வர்றாங்க."

அவன் பெயர் வால்டர். கூலிமில் தச்சு வேலை. அந்த வண்டி ஒரு தோட்டத்துத் துரையிடம் இருந்து, பின்தொட்டியெல்லாம் துருப்பிடித்து, இவன் கைக்கு வந்ததாம். துருவைச் சுரண்டி, பலகை போட்டு, எண்ணெய் விட்டு... இனி மேலே ஒரு நல்ல படுதா வேண்டும். சனிக்கிழமைக்குள்.

"என்ன அவசரம்?" அவன் சொன்ன அளவுக்கு நாடாவைத் துணிமேல் பிடித்தபடி கேட்டாள்.

"ஒரு அல்மாரி ஏத்திட்டுப் போகணும். கல்யாண அல்மாரி, ஜேனுக்கு."

நாடா அவள் கையில் ஒரு கணம் நின்றது.

"கண்ணாடி வச்ச அல்மாரி," என்று அவன் தொடர்ந்தான். "ஜேன் என் தோள் வரைக்கும் இருப்பா. அந்த உயரத்துக்குத்தான் கண்ணாடி போட்டேன்." தோளைத் தொட்டுக் காட்டினான். "ஒரு கீறல் விழுந்தாலும் அவ சும்மா விடமாட்டா."

தோள் வரைக்கும்... எத்தனை தரம் பக்கத்தில் நின்றிருந்தால் அந்த அளவு தெரியும்? சந்தித்து ஒரு மணி நேரம் ஆகாத ஆளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் படுதாத் துணி முதல் ஈரத்தில் சுருங்கும். அதனால் அதை ஒரு நாள் பீப்பாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, பின்கட்டுக் கயிற்றில் காயவிட்டு, அப்புறம்தான் கத்தரி வைப்பார்கள். ஜோசபின் பதினைந்து வயதிலிருந்து அதைத் தவறவிட்டதில்லை.

இந்த முறை துணியைப் பீப்பாய் வரை தூக்கிப் போனாள். நின்றாள். தோளைத் தொட்டுக் காட்டிய அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. 'நனையட்டுமே... ஜேன் அல்மாரிதானே.' திரும்பி வந்து, உலர்ந்த துணியிலேயே கத்தரியை ஓடவிட்டாள். சனிக்கிழமை மழை வராமலும் போகலாம் என்று மனத்துக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வெயில் பளிச்சென்று இருந்தது. அல்மாரி பழைய போர்வைகளின் நடுவே படுத்திருந்தது. வால்டர் படுதாவை விரித்துக் கட்டினான். படுதா ஓரத்து ஒவ்வொரு பித்தளைக் கண் வளையமும் அதனதன் கொக்கியில் போய் உட்கார்ந்தது. அவன் தையலை விரலால் தடவினான்.

"இவ்வளவு நேரான தையல நான் பார்த்ததில்ல."

ஜோசபின் படுதாவின் ஓரத்தைப் பிடித்தாள். 'கழற்றுங்க, இது நனைக்காத துணி...' வாயைத் திறந்தாள்.

"ஜேன் பார்த்தா அசந்துடுவா," என்றான் அவன்.

வாயை மூடிக்கொண்டாள்.

மதியத்துக்குள் வானம் இருண்டது. பட்டை பட்டையாக விழுந்த மழையைப் பார்த்தபடி ஜோசபின் கடைவாசலிலேயே நின்றாள். பெர்னார்ட் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார். அவள் போகவில்லை.

திங்கட்கிழமை அவன் வந்தான். தோளில் மடித்த படுதா. வெளியே மறுபடியும் தூறல்.

"அங்கிள், இது எட்டல. மழையில கண்ணெல்லாம் கொக்கியிலேருந்து கழண்டுடுச்சு. ஒரு சாண் குறையுது."

பெர்னார்டின் முகம் மாறியது. "எங்க கடைத் துணி சுருங்காது தம்பி. நனைச்சுத்தான் வெட்டுவோம். முப்பது வருஷத்துல ஒருத்தரும் திருப்பிக் கொண்டு வந்ததில்ல. நீங்க சொன்ன அளவு சரியா இருந்துச்சான்னு பாருங்க."

வால்டர் ஜோசபினைப் பார்த்தான். அவள் மெஷினைப் பார்த்தாள். அவன் என்ன புரிந்துகொண்டானோ... மெதுவாகப் படுதாவை மறுபடி தோளில் போட்டான்.

"அப்ப என் அளவுதான் தப்பா இருக்கும் அங்கிள். மன்னிச்சிருங்க."

ஒரு தச்சன் தன் வாயால் சொல்லக்கூடாத வார்த்தை அது. படியிறங்கி மழைக்குள் போனான். ஜோசபினால் உட்கார முடியவில்லை.

"அப்பா, அவரு அளவு சரி. நான் நனைக்காம வெட்டுனேன். தெரிஞ்சேதான் வெட்டுனேன்."

பெர்னார்டின் கையிலிருந்த கத்தரி மேசைமேல் விழுந்தது. அவர் கேள்வி கேட்பதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

வண்டிக்கதவில் கை வைத்திருந்த வால்டர் திரும்பினான்.

"உள்ள நீங்க சொன்னது கேட்டுச்சு," என்றான். "ஏன்?"

மழை அவள் முகத்தில் வழிந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டோம் என்று தெரிந்தது.

"ஜேன் உங்க தோள் வரைக்கும் இருப்பாங்கன்னு சொன்னீங்க... அது எனக்குப் பிடிக்கல."

அவன் வண்டிக்கதவிலிருந்து கையை எடுத்தான்.

"ஜேனை எனக்குப் பேசி வச்சிருந்தாங்க, நாலு வருஷத்துக்கு முன்னாடி. பழைய வண்டி ஓட்டுற தச்சன் வேண்டாம், ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி மாப்பிள்ளதான் வேணும்னுட்டா. கிடைச்சிட்டாரு. அல்மாரிக்கு என்கிட்டயே ஆள் அனுப்புனாங்க. ஒரு குறை சொல்ல முடியாத அல்மாரிய, இதே வண்டியில கொண்டு போய் இறக்கணும்னு நினைச்சேன். வேற ஒண்ணுமில்ல, வீம்பு."

"அல்மாரி நனைஞ்சிடுச்சா?"

"இல்ல. படுதாவ அதுக்கே சுத்திக் கட்டிட்டேன். பலகைதான் நனைஞ்சுது."

பின்கதவைத் திறந்து காட்டினான். தேன் நிறப் பலகையெங்கும் வெள்ளை வெள்ளையாய்த் தண்ணீர்த் திட்டு. மூன்று வார உழைப்பு. ஜோசபின் முந்தானையை இழுத்துத் துடைக்கப் போனாள். அவன் தடுத்தான்.

"இருக்கட்டும். அவ வீட்டு வாசல்ல நிக்கிறப்ப எனக்கு ஜேன் ஞாபகமே வரல. இவ்வளவு நேரா தைக்கிற ஆளு துணி சுருங்கும்னு தெரியாமலா வெட்டியிருப்பாங்க, என்மேல என்ன கோபம்னுதான் யோசிச்சிட்டு வந்தேன்."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"புதுத் துணி ஊறப்போடுறேன்," என்றாள் மெல்ல. "காய மூணு நாள் ஆகும்."

"மூணு நாளும் வந்து காஞ்சுதான்னு பார்க்கலாமா?"

"மழைக்காலம். பத்து நாளும் ஆகலாம்."

"ஆகட்டும் லா." ஒரு அடி முன்னால் வந்து, அவள் உச்சந்தலைக்கு நேராக உள்ளங்கையைப் பிடித்து, அதை அப்படியே தன் பக்கம் கொண்டுபோனான். கை அவன் காதில் போய் நின்றது.

"என்ன பண்றீங்க?"

"அளவு எடுக்கிறேன். அடுத்த அல்மாரியில கண்ணாடி இந்த உயரத்துல வரணும்."

"அது யாரு வீட்டுக்குப் போகுது?"

"எங்கயும் போகாது. என் வீட்டுலதான் இருக்கும். அளவுக்காரங்கதான் அங்க வரணும், ஜோசபின்... அவங்களுக்குச் சம்மதம்னா."

கடைவாசலில் பெர்னார்ட் குடையோடு நின்றுகொண்டிருந்தார், இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல்.

ஜோசபின் வண்டியின் நனைந்த பலகைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

அவன் கைக்குட்டையை எடுக்கவே இல்லை.