ஆறாவது பெட்டி

சோதனைச் சத்தத்தைத் தட்டிவிட்டபோது ஆறாவது பெட்டிதான் முதலில் எரிந்தது.

அப்படி எரிய நியாயமே இல்லை. வீட்டுக் கூரைமேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ‘டொக்’ என்று ஒரு சத்தம் போடும். அது தேயிலைச் சரிவில் இறங்கிப் போகும். சரிவில் மேலிருந்து கீழ்வரை நட்டிருந்த ஆறு மைக்குகளும் அதை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். கேட்கக் கேட்க, ரூபினியின் கணினித் திரையில் அந்தந்த மைக்குக்குரிய பெட்டி பச்சையாக எரியும். ஒன்றாவது மைக் வாசலிலிருந்து பத்தடி. ஆறாவது சரிவின் அடியில், போன மழைக்கு மண் சரிந்த பள்ளத்தின் விளிம்பில். கிட்டத்தில் இருப்பவன் முதலில் கேட்பதும் தூரத்தில் இருப்பவன் பிறகு கேட்பதும்தானே உலக வழக்கம். ரூபினி மூன்று தடவை தட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் கடைசிப் பெட்டி முந்திக்கொண்டது.

“ஒயர மாத்திச் சொருகிட்டேன் போல,” என்றான் அவள் கணவன் மகேன்.

“மாத்திச் சொருகினா ஒன்னாவது கடைசியா வரணுமில்ல? அது ரெண்டாவதா வருதுங்க. மத்ததெல்லாம் வரிசையாத்தான் இருக்கு.”

“அப்ப அது மட்டும்தான் கோளாறு. மழ வர்றதுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்துடறேன்லா.”

இருவரும் ஈப்போக்காரர்கள். மகேன் கல்யாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். ரூபினி ஓவியம் படித்தவள். கணினி மொழி என்றால் காத தூரம் ஓடுவாள். ஆனால் இந்த மென்பொருளில் ஒரு வரி எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து கோட்டை இழுத்து இன்னொன்றில் கோத்துவிட்டால் வேலை முடிந்தது. மைக் பெட்டியிலிருந்து ஒரு கோடு நிறப் பெட்டிக்குப் போனால், சரிவில் காற்றடிக்கும்போது சுவரில் பச்சை அலையும்; திரிங்காப் சாலையில் காய்கறி லாரி ஏறும்போது சிவப்பு பரவும். சுற்றுலாக்காரர்களுக்காகத் தோட்ட நிர்வாகம் கட்டிக்கொண்டிருந்த கூடத்துக்கு இதைத்தான் கேட்டிருந்தார்கள். வேலை முடியும்வரை தங்கிக்கொள்ள, சரிவின் உச்சியில் தனியாக நின்ற தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் பழைய வீட்டைக் கொடுத்தார்கள். கடைசிக் கிராணி ஓய்வுபெற்றுப் போனபின் அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை.

எது எந்த மைக் என்று குழம்பாமலிருக்க, சரிவு எப்படி இறங்குகிறதோ அப்படியே ஆறு பெட்டிகளையும் திரையில் மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தாள். ஓரத்தில் கூரை ஸ்பீக்கருக்கென்று ஒரு பெட்டி. அதோடு கோத்துக்கொள்ளப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு: மேசை மைக்கில் அவள் பேசினால் வரும் குரலுக்கு ஒன்று, மற்றொன்று ‘கூவல்’.

அந்தக் கூவலைக் காலையில்தான் பதிவு செய்திருந்தாள். பனி இறங்கினால் நிரைக்கு நிரை எப்படிக் கூவிக்கொள்வோம் என்று கொழுந்து பறிக்கும் ரஞ்சிதம் கூவிக் காட்டினாள். ‘ஊ...ஊய்’ என்று அடிவயிற்றிலிருந்து எழும்பி, முடிவில் ஒடிந்து விழும் சத்தம்.

“பேர் சொல்லிக் கூப்பிட்டா ஆகாதாக்கா?” என்று ரூபினி கேட்டாள்.

“பனிக்குள்ள ஆள வாயால கூப்பிட மாட்டோம் தங்கச்சி. வாங்கன்னும் சொல்ல மாட்டோம், பேரும் சொல்ல மாட்டோம். கூவுறதோட சரி.”

“ஏங்க்கா?”

“யாரு வருவாங்கன்னு தெரியாதுல்ல,” என்று சொல்லி ரஞ்சிதம் சிரித்தாள். ரூபினியும் கூடச் சிரித்தாள்.

பேர் சொல்லும் பழக்கம் ரூபினிக்கும் இல்லைதான். மகேன் அவளுக்கு எப்போதும் ‘என்னங்க’. மாமியார் வீட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் விடவில்லை. “ஒரே ஒரு தரம் பேரச் சொல்லிக் கூப்பிடேன். என் பேரு எனக்கே மறந்துடும் போல இருக்கு,” என்று அவன் கிண்டல் செய்வான். அவளுக்கு நாக்கு எழும்பாது. வெட்கம் வேறு.

மகேன் மஞ்சள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டான். மூன்று நாளாகச் சளி. இரண்டு இருமல் இருமினான். கைப்பேசி மேசைமேல் சார்ஜில் கிடந்தது. கீழே எப்படியும் லைன் கிடைக்காது.

“கேபிளப் பிடிச்சிக்கிட்டே எறங்கி, அதையே பிடிச்சிக்கிட்டு ஏறிடுவேன். அங்க மைக்குல பேசறேன், நீ கேளு.”

அப்போது மாலை நாலரை.

ஐந்து மணிக்குள் பனி வந்துவிட்டது. எதிர்க்குன்றிலிருந்து புகைபோல் கிளம்பி, நிரை நிரையாகத் தேயிலையை விழுங்கி, காய்கறித் தோட்டங்களின் கோழி எரு நாற்றத்தையும் தொழிற்சாலையில் இலை வாடும் மணத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு மேலேறி, கடைசியில் ஜன்னலின் கண்ணாடிப் பலகைகளுக்கு வெளியே வந்து நின்றுகொண்டது. இருட்டு அல்ல; வெள்ளை. இருட்டில் விளக்கு அடித்துப் பார்க்கலாம், இதில் அதுவும் முடியாது. ரூபினி தலையில் மாட்டிய காதுக்கருவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்குகளை மழையிலிருந்து காக்க மகேன் தண்ணீர்ப் போத்தல்களை வெட்டிக் கவிழ்த்திருந்தான். அவற்றின்மேல் பனி சொட்டும் சத்தம் ஆறு பெட்டிகளிலும் மாறி மாறிக் கேட்டது.

ஆறாவது பெட்டி எரிந்தது. இருமல்.

“ரூபி, கேக்குதா? இங்க எல்லாம் சரியாத்தான்லா இருக்கு.” கல் ஒன்று எங்கோ உருண்டு போகும் சத்தம். “ரூபி, ஒன்னும் தெரியல. கேபிள கீழ வச்சேன், இப்ப அதக் காணோம். காலடி மண்ணு வேற உதிருது. ஸ்பீக்கர்ல கூப்பிடு. சத்தம் வர்ற பக்கமா ஏறி வந்துடறேன்.”

அந்தப் பள்ளம் அறுபது எழுபதடி ஆழம் இருக்கும். இரண்டடி தப்பாக வைத்தால் ஆள் போய்விடும்.

கூரைப் பெட்டியில் எதைக் கோப்பது? கூவல் பெட்டியின்மேல் ஒரு கணம் மவுஸ் அம்பு நின்றது. ஆனால் வழி தெரியாமல் நிற்கிறவனுக்கு யாரோ ஒருத்தியின் கூவலையா அனுப்புவது? தன் குரலைத்தான் அவன் தேடுவான். மேசை மைக்கிலிருந்து கோட்டை இழுத்துக் கோத்தாள்.

“என்னங்க! இந்தப் பக்கம் வாங்க! மேல வாங்க!”

அவள் குரல் கூரையிலிருந்து புறப்பட்டு வெள்ளைக்குள் இறங்கிப் போனது. திரும்பியும் வந்தது, ஒவ்வொரு பெட்டியாக. வாங்க. வாங்க. வாங்க.

“ம்,” என்றது ஐந்தாவது பெட்டி.

மைக்குக்கு வெகு பக்கத்தில். கரகரத்த ஆண் குரல். அதற்குள் ஒரு மைக் ஏறிவிட்டாரே என்று ரூபினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஆமாங்க, அப்படியே வாங்க!” என்றாள்.

“தோ வர்றேன்.”

அது மூன்றாவது பெட்டி.

ஐந்திலிருந்து மூன்றுக்கு ஏறப் பத்து நிமிடமாவது ஆகும். குரலும் வேறு. வயதானவர் குரல், மூச்சு வாங்கியது. தோட்டத்து ஆள் யாராவது மாட்டிக்கொண்டிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டாள். பாவம், அவரும் வரட்டும் என்றுகூட நினைத்தாள்.

“வர்றேன் புள்ள,” என்றது நான்கு. இளவட்டம்.

“வர்றேன்,” என்றது ஐந்து. கரகரத்த குரல், அதே இடத்தில்.

அப்புறம்தான் ஆறாவது எரிந்தது. இருமல். “ரூபி, யாரு அங்க பதில் சொல்றது? என்னச் சுத்தி ஆளுங்க மேல ஏறிப் போற மாதிரி இருக்கு. கேட்டா பேச மாட்டேங்குறாங்க.”

ரூபினிக்குக் காலையில் ரஞ்சிதம் சிரித்தது ஞாபகம் வந்தது. நன்றாக யோசித்துப் பார்த்தபோது, ரஞ்சிதத்தின் வாய்தான் சிரித்தது.

என்னங்க. அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள். எந்த வீட்டில் எந்தப் பெண் கூப்பிட்டாலும் அதே சொல்தான். அதில் மகேன் எங்கே இருக்கிறான்? எவனுக்கு வேண்டுமானாலும் அது அவனுடைய பெண்டாட்டி கூப்பிட்ட மாதிரிதானே இருக்கும்.

படியேறுவதுபோல் பெட்டிகள் கீழிருந்து மேலாக எரிந்தன. ஐந்து அணைந்து நான்கு. நான்கு அணைந்து மூன்று. தேயிலைக் கிளைகள் துணியில் உரசும் சத்தம். செருப்பில்லாத கால்கள் ஈரமண்ணில் பதிந்து, பிடுங்கி, பதியும் சத்தம். அவசரமில்லாத நடை. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் நடை.

அவர்களை நிறுத்த வேண்டும். அவனை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பயத்தில் வெட்கம் எங்கேயோ போயிற்று. மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

“மகேன்! உங்களத்தான் கூப்பிடறேன்! மகேன் மட்டும் வாங்க! வேற யாரும் வராதீங்க! மகேன்!”

எல்லாம் நின்றது. நடை நின்றது. உரசல் நின்றது. போத்தல்களில் சொட்டும் பனிகூட நின்றது போலிருந்தது.

பிறகு இரண்டாவது பெட்டி இருமியது.

“வந்துட்டேன் ரூபி,” என்றது. மகேனின் குரல்.

மூன்றாவது பெட்டி இருமியது. “வந்துட்டேன் ரூபி.”

நான்காவது. அதே இருமல். அதே குரல்.

அவள் கோட்டைப் பிடுங்கினாள். கூரை ஸ்பீக்கர் அடங்கியது. பெட்டிகள் அடங்கவில்லை. நடை இப்போது வேகமாயிருந்தது. பேர் கிடைத்தவர்களின் வேகம்.

இரண்டு.

ஒன்று.

காதுக்கருவியைக் கழற்றி மேசையில் எறிந்தாள். அது இல்லாமலே கேட்டது. வாசல் படியில் ஈரக்கால்கள். வராந்தாப் பலகை ஒரு முறை முனகியது. இன்னொரு முறை. இன்னொரு முறை.

கதவுக்கு ஓடித் தாழ்ப்பாளைப் போட்டாள். பக்கத்து ஜன்னலின் கண்ணாடிப் பலகைகளுக்கு வெளியே மஞ்சள் தெரிந்தது. ரெயின்கோட்டு. முகத்தை மறைத்த தலைமூடி, அதன் நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர். கடவுளே, அவர்தான், அவர்தான் என்று தாழ்ப்பாளில் கை போனது.

அதன் தோளுக்குப் பின்னால் இன்னொரு மஞ்சள்.

இரண்டு. மூன்று. படிக்குக் கீழே, பனிக்குள், இன்னும் மஞ்சள்.

“ரூபி, கதவத் தொற.”

எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லி முடித்து எல்லோரும் இருமினார்கள். இரண்டு இருமல்.

அவள் பின்வாங்கினாள். மேசை இடுப்பில் இடித்தது. அழக்கூடப் பயமாக இருந்தது. அழுகையும் ஒரு சத்தம்தானே. அம்பை நகர்த்திக் கூவல் பெட்டியைப் பிடித்தாள். கோடு இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை கோத்தது.

‘ஊ...ஊய்.’

ரஞ்சிதத்தின் கூவல் சரிவில் இறங்கியது. தூரத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து, நிஜமான பெண் ஒருத்தி பதிலுக்குக் கூவினாள். இன்னொருத்தியும் கூவினாள். மனுஷங்க இருக்காங்க. இருக்காங்க.

வராந்தாவில் யாரும் அசையவில்லை.

மேசையில் கிடந்த காதுக்கருவிக்குள் எறும்பு பேசுவதுபோல் ஒரு குரல். திரையில் ஆறாவது பெட்டி எரிந்துகொண்டிருந்தது. அது மட்டும்.

எடுத்துக் காதில் வைத்தாள்.

“ரூபி...” இருமல். மண் உதிரும் சத்தம், நிற்காமல். “யாரோ கூவுறாங்க ரூபி, நாலாப் பக்கமும் கேக்குது. எந்தப் பக்கம்னு தெரியல, பயமா இருக்கு. ஒரு வேரப் பிடிச்சிட்டுத் தொங்குறேன். நீ கூப்பிடு. இப்பத்தானே முத மொறயா என் பேரச் சொன்னே, கேட்டேன்லா...” அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. “அந்த மாதிரி இன்னொரு தரம் கூப்பிடேன்.”

அது அவன்தான். அவளுக்குத் தெரியும். வேறு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மேசை மைக்கிலிருந்து கோட்டை இழுத்தாள். கோத்தாள். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

வராந்தாவில் மஞ்சள் தலைமூடிகள் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு காதைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தன.