எட்டு மீட்டர் குழாய்

எட்டு மீட்டர் குழாய்க்குள் இருபத்தாறு மீட்டர் கேபிள் போன பிறகுதான் ஒயர்க்காரருக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாகப் போனால் குழாய் எங்கோ வளைகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பதினெட்டு மீட்டருக்கு எந்தத் தேறுதலும் தாங்காது.

"மச்சான், தூங்கிட்டீங்களா? இங்க ஒண்ணும் வரலையே," என்றன ஏழு ஸ்பீக்கர்களும் ஒரே குரலில்.

குரல் மாப்பிள்ளையுடையது. தங்கையின் புருஷன். காலையில் ஏழு மாத வயிற்றோடு வாசலில் நின்ற தங்கை, "அண்ணா, அவரை ஏணியில மட்டும் ஏத்தாதீங்க. நாற்காலியில ஏறினாலே தலை சுத்தும் அவருக்கு. முழுசா கூட்டிட்டு வந்துருங்க" என்றிருந்தாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இருக்கிற வேலையிலேயே சாதுவானதாகப் பொறுக்கி எடுத்து, மேலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சுவர் ஓட்டையில் எட்டிப் பார்க்கும் கேபிள் நுனியைப் பிடிக்கிற வேலையைக் கொடுத்திருந்தார். அந்த வேலையில் இதுவரை செத்தவர்கள் யாரும் கிடையாது.

வெளியே பகல் பதினொரு மணி. வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போயிருந்தார். நிலவறையில் இருந்த அந்த ஹோம் தியேட்டருக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கறுப்பு மெத்தை தைத்திருந்தார்கள். போன் சிக்னல் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது. அதனால் முதலில் நெட்வொர்க் கேபிளை, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பெட்டியின் முதுகில் சொருகியிருந்தார். மாப்பிள்ளை மேலே தன் போனில் பேசினால் ரிசீவர் அதை வாங்கி மூன்று வினாடி தாமதமாக ஸ்பீக்கரில் சொல்லும். இவர் திருப்பிப் பேச வழியில்லை. பதிலெல்லாம் கேபிளில்தான். ஒரு இழுப்பு என்றால் சரி. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் உன் பக்கம் இழு. மேலறையில் படங்களைச் சேமிக்கும் பெட்டிக்குப் போகவேண்டிய டேட்டா கேபிள் சமர்த்தாகப் போய்ச் சேர்ந்தது. திரையை ஏற்றி இறக்கும் கண்ட்ரோல் கேபிள்தான் பாக்கி. அதற்குத் தனிக் குழாய். அந்தக் குழாய்தான் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

சுருளிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் தானாகக் கழன்று உள்ளே போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். குழாயின் வாயிலிருந்து ஈர இரும்பு வாடை வந்தது. கிட்டே முகத்தைக் கொண்டுபோனபோது அந்த வாடை வெதுவெதுப்பாகக் கன்னத்தில் பட்டு, திரும்பி உள்ளே போய், மறுபடியும் வந்தது. மெத்தைச் சுவர்களுக்குப் பின்னால், ரிசீவர் விசிறியின் மெல்லிய இரைச்சலுக்கும் அடியில், தொண்டை நிறையத் தண்ணீரை விழுங்குவதுபோல ஒரு சத்தம் மேலே ஏறிப் போயிற்று.

"ஆ, வந்துருச்சு மச்சான். ஆனா நுனி ஈரமா இருக்கே, பைப்புல தண்ணி ஏதும் லீக்கா? கை வழுக்குது. மணிக்கட்டுல சுத்திக்கிறேன்."

அதை மட்டும் செய்யாதே என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார். சோம்பேறிகள் செய்கிற காரியம். நிறுத்து என்று சொல்ல, இரண்டு இழுப்புக்குக் கேபிளைப் பிடித்தார்.

அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நிதானமாக, அழுத்தமாக.

சுற்றியதைக் கழற்றிவிட்டான் போல என்று நினைத்தார். இருபது வருஷக் கை மூளையைக் கேட்டுக்கொண்டிருக்காது. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். கனத்தது. இன்னும் ஓங்கி இழுத்தார். ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு சொடுக்கு. ஒரு மீட்டர் வந்தது. தன் வலுவை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாவது மீட்டரும் வந்தது.

"மச்சான், எதுக்கு இழுக்கிறீங்க? நான் ஒண்ணும் சொல்லலையே. கை மாட்டிருக்கு மச்சான். இழுக்காதீங்க. இழுக்காதீ…"

பிறகு அந்தச் சொடுக்கு. இப்போது ஏழு ஸ்பீக்கரிலும். பச்சைக் கிளையை முறிப்பதுபோல. பெரிய ஸ்பீக்கரின் அதிர்வு அவர் நெஞ்செலும்பில் இறங்கியது. அலறல் முன்னால் தொடங்கி, இடது சுவரில் ஓடி, அவர் பிடரிக்குப் பின்னால் வந்து நின்றது.

கேபிளை விட்டார்.

கேபிள் நிற்கவில்லை. வெளியே வந்த இரண்டு மீட்டரும் சரசரவென்று உள்ளே போயின. சுருள் தரையில் துள்ளியது. அவர் கையிலிருந்த தோலும் கொஞ்சம் அதோடு போயிற்று.

"விடுங்க மச்சான். தோள்பட்டை… தோள்பட்டை போகுது."

"விட்டுட்டேன் மாப்ள. நான் எப்பவோ விட்டுட்டேன்," என்றார் ரிசீவரைப் பார்த்து. அதற்குக் காது கிடையாது.

வெட்டுக்குறடை எடுத்துக்கொண்டு ஓடினார். கனத்த கதவு. படிக்கட்டு. முழங்கால் இடித்தது. எழுந்தார். மறுபடியும் படிக்கட்டு.

கீழே தியேட்டர் அலறிக்கொண்டிருந்தது.

மேலறையில் சத்தமே இல்லை.

ஆள் இல்லை. போன் இல்லை. கவிழ்ந்த டீக் கிளாஸ். ஒற்றைச் செருப்பு. தரையிலிருந்து சுவர்வரை இழுத்துப் பூசிய ரத்தம். சுண்ணாம்பில் ஐந்து நகக்கோடுகள். ஒரு கோட்டின் முடிவில் நகமே குத்தி நின்றது.

ஓட்டை எலுமிச்சம்பழம்கூட நுழையாத அளவு. அதன் விளிம்பில் சட்டைக் கிழிசல். ஒரு கொத்து முடி.

மண்டியிட்டார். டார்ச்சை உள்ளே அடித்தார்.

ஒரு முழம் தள்ளி, குழாயை முழுக்க அடைத்துக்கொண்டு, ஒரு கண்.

வெளிச்சத்தில் அது கூசியது. இமைத்தது. அவரைக் கண்டுகொண்டது.

பிறகு விரற்கடை விரற்கடையாக, அவர்மேல் வைத்த பார்வையை எடுக்காமல், உள்ளே இழுபட்டுப் போகத் தொடங்கியது.