விளக்கு யார் கையில்

ஜெனிஸ்ரனுக்கென்று வைத்த சீட்டுகள் மட்டும் ஈரமாக இருந்தன.

கஜந்தினி அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். மேசை காய்ந்திருந்தது. யாரும் தேத்தண்ணீர் சிந்தவில்லை. லின்ஃபீல்ட் புறநகரில் குளிர்கால மாலை அதற்குள் இருண்டுவிட, மழை கூரைத் தகரத்தில் சீராக விழுந்துகொண்டிருக்க, கீழே கராஜில் கணவன் ஜெனிஸ்ரனின் தூண்டில்கள் சாய்ந்து நிற்கும் மூலையிலிருந்து கடற்பாசி மணம் படிக்கட்டு வழியே மெல்ல ஏறி வந்தது.

அன்று காலை அவனுக்கு முப்பத்தோராம் நாள் பூசை. கடல் இன்னும் உடலைத் தரவில்லை. எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் டெஸ்மன் மட்டும் இருந்தார். ஜெனிஸ்ரனின் கூட்டாளி, மேற்குக் கரைப் பாறையில் அன்றைக்கு அவனோடு மீன்பிடிக்க நின்றவர். சனிக்கிழமைகளில் மூவருமாக விளையாடியதை அவனுக்காக ஒருதரம் விளையாடுவோம் என்று கேட்டதும் அவர்தான். மூன்று பேருக்குக் குறைந்தால் ஆட முடியாது. ஆகவே அவன் உட்காரும் வெறுங்கதிரைக்கும் சீட்டுப் போட்டார்கள்.

பாதாளக் கோட்டைக்குள் இறங்கும் விளையாட்டு அது. சீட்டுக்கட்டிலிருந்து சீட்டைத் திருப்பத் திருப்ப ஒவ்வோர் அறையாகத் திறக்கும். உள்ளே புதையல் இருக்கும், அல்லது பல்லுள்ள ஏதாவது இருக்கும். எல்லோருக்குமாக ஒரேயொரு விளக்குச் சீட்டு. எண்ணெய் வற்றும்போது அதை வைத்திருப்பவர் ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு மேலே ஏறலாம். கீழே விடப்பட்டவரின் சீட்டுகளைக் கவிழ்த்து வைப்பார்கள். அதன்பிறகு அவர் ஆட்டக்காரர் இல்லை. சுற்றுக்கு ஒரு தளமாக ஏறி வருவார், இருட்டில், கையால் தடவித் தடவி, விளக்கு யாரிடம் இருக்கிறதோ அவரைத் தேடி. பிடிபட்டால் அவரையும் கீழே இழுத்துப் போவார். ஜெனிஸ்ரனுக்குப் பிடித்த விதி. கண்ணை மூடிக்கொண்டு மேசையைத் தடவி அவளைச் சிரிக்க வைப்பான்.

விளக்கு டெஸ்மனிடம் வந்தது. எண்ணெய் வற்றியது. அவர் யோசிக்கவே இல்லை. கஜந்தினியின் சீட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கதிரைக்காரனின் சீட்டுகளைக் கவிழ்த்தார்.

"அவன் ஒண்டும் நினைக்கமாட்டான்," என்றார்.

கராஜில் ஏதோ தட்டிய சத்தம் கேட்டது. தூண்டில் சரிந்திருக்கும் என்று அவள் நினைத்தாள்.

அடுத்த சுற்று. கீழ்ப்படியில் ஒரு சத்தம். காலடி அல்ல. ஈர உள்ளங்கை பலகையில் பதிகிற சத்தம்.

டெஸ்மனுக்கும் கேட்டது. காரின் திறப்புக் கொத்தைத் தேடி அவசரமாகத் தன் பையைத் துழாவினார். நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று பைக்குள்ளிருந்து மேசையில் விழுந்தது.

அதன் அறுந்த பட்டியைச் சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்தவள் அவள். அலை அடித்தபோது அது ஜெனிஸ்ரனின் நெற்றியில் எரிந்துகொண்டிருந்தது என்றும், தான்தான் இருட்டில் தவழ்ந்து ஏறியதாகவும் டெஸ்மன் பொலிசுக்குச் சொல்லியிருந்தார். கடைசியில் அவனுக்கு வெளிச்சமாவது இருந்ததே என்பதைப் பற்றிக்கொண்டுதான் இத்தனை இரவும் அவள் கிடந்தாள்.

"இதை அவரிட்டை எப்ப வாங்கினீங்கள், அண்ணா?"

அவர் படிக்கட்டையே பார்த்தார். "பாறை இடுக்கிலை கால் சிக்கிப்போச்சு அவனுக்கு. வெளிச்சம் பிடிக்கத்தான் வாங்கினன், தங்கச்சி. அலை வந்தது. நான் ஏறிட்டன்."

"அவர் கூப்பிட்டவரோ?"



நடுப்படியில் அதே ஈரச் சத்தம். பிறகு மேற்படியில். கதவு நிலையில் நகம் உரசியது.

டெஸ்மன் விளக்குச் சீட்டை எடுத்து நெற்றிவிளக்கின் மேல் வைத்தார். இரண்டையும் சேர்த்து, சத்தமில்லாமல், அவள் பக்கம் தள்ளினார். விளக்கைக் கைமாற்றலாம். அதுவும் விதிதான்.

அவளால் எழ முடியவில்லை. உப்பு மணம். குளிர். மின்குமிழ் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஊறி வெளுத்த ஒரு கை அவள் முகத்தில் வைக்கப்பட்டது. நெற்றி. இமை. வாய். கழுத்து. அங்கே நின்றது. இறுகியது.

மற்றக் கை மேசையில் பட்டியைக் கண்டுபிடித்தது. அவளுடைய தையலின் மேல் ஒரு விரல் போனது. திரும்பி வந்தது.

கழுத்து விடுபட்டது.

ஈர உள்ளங்கை சீட்டுகளின் மேல் ஊர்ந்தது. மெதுவாக. மேசையின் மறுபக்கம். அங்கே டெஸ்மன் இரு கைகளாலும் வாயைப் பொத்தி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். விரல்கள் அவருடைய முழங்கையைத் தொட்டன. தடவின. தடவிக்கொண்டே மேலே ஏறின.